நான்காவது கைப்பிடி

கோதண்டராமனோடு ஒரே அறையில் இருபத்தெட்டு நாள் படுத்திருந்தேன். அந்த ஆளின் குறட்டையைக்கூட என்னால் மன்னிக்க முடியவில்லை. இங்கிலாந்தின் நடுவில், இரும்பு வேலைக்குப் பேர்போன ஒரு நகரம். பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. என் கோபமெல்லாம் பக்கத்துக் கட்டிலில் கம்பளி போர்த்திப் படுத்திருந்தது.

அவன் எங்கள் கம்பெனியின் பிரஸ் ஷாப் மேனேஜர். நேரில் வாய் நிறைய ‘சார்’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன். எழுதும்போதாவது ‘அவன்’ என்று எழுதிக்கொள்கிறேன். நான் டை செட்டர். தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் மெஷினில் அச்சைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. கம்பெனி ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது. புதிதாக ஒரு பிரஸ் வாங்கினார்கள். அதைப் பழகிக்கொண்டு வர இங்கிலாந்துக்கு இரண்டு பேர் என்றார்கள். மேனேஜர் போவது சரி. இரண்டாவது ஆள் ஏன் நான் என்று எங்கள் வடக்குப்பட்டில் கேட்டால், ‘புருஷோத்தமன் கெட்டிக்கார வேலைக்காரனாச்சே’ என்பார்கள். எனக்கல்லவா தெரியும். அந்த விமான டிக்கெட் என் வாயில் திணித்த கொழுக்கட்டை.

அது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 1991 மே மாதம் இருபத்தொன்றாம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் என்ன நடந்தது என்று உலகத்துக்கே தெரியும். மறுநாள் விடிந்தபோது ஒரு பஸ் ஓடவில்லை, ஒரு கடை திறக்கவில்லை. முந்தின நாள் பகல் மூன்று மணி ஷிஃப்டுக்கு வந்த நாங்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டோம். எங்களை மாற்ற வேண்டிய ஆட்கள் வரவில்லை. மெஷினை நிறுத்திவிடலாம் என்றோம். கோதண்டராமன் கேட்கவில்லை. “உள்ள இருக்கிறவன் ஓட்டு. வெளியில போயி இன்னா கிழிக்கப் போற? ஓ.டி. போட்டுக்கலாம்” என்றான். எரிகிற வீட்டில் பிடுங்கினவரை லாபம் என்கிற புத்தி.

நான்காம் நம்பர் பிரஸ்ஸில் நாகப்பன் நின்றான். சுங்குவார்சத்திரத்துக்காரன், என்னைவிட நாலு வயது சின்னவன். காலை மணி பதினொன்று. அவன் நிற்க ஆரம்பித்து இருபது மணி நேரம் ஆகியிருந்தது. தலையோ கையோ மெஷினுக்குள் போகாதபடி முன்னால் ஒரு கம்பித் தடுப்பு இருக்கும்; கார்ட் என்போம். அது இல்லையென்றால் வேலை வேகமாக ஓடும். கழற்றச் சொன்னது கோதண்டராமன். ஸ்பேனரைப் பிடித்துக் கழற்றியது நான். உள்ளே ஒரு தகடு சிக்கிக்கொண்டது. நாகப்பன் மார்பு வரைக்கும் உள்ளே குனிந்து அதை எடுத்தான். யாரும் பெடலை மிதிக்கவில்லை. மெஷின் தானாக இன்னொரு அடி அடித்தது.

அந்த இடத்தை அதற்கு மேல் எழுத மாட்டேன்.

கோதண்டராமன் வந்தான். பத்தடி தள்ளி நின்று பார்த்தான். நெற்றியில் நாமம் அப்போதுதான் போட்டது மாதிரி பளிச்சென்று இருந்தது. வாட்ச்மேன் ஷெட்டிலிருந்து ஒரு சாராயப் பாக்கெட்டை வாங்கிவரச் சொன்னான். “சட்ட மேல ஊத்துங்கடா” என்றான். யாரும் நகரவில்லை. பாக்கெட்டைப் பல்லால் கடித்து, கையை நீட்டி, உடம்பு தன்மேல் படாமல் அவனே ஊற்றினான். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்.

தகடு அடுக்குகிற பலகை ஒன்றில் நாகப்பனைக் கிடத்தி நான்கு பேர் தூக்கினோம். ரகுபதி, நடேசன், பரசுராமன், நான். நான் கால்மாட்டில், இடப்பக்கம். பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி, ஏரிக்கரை வளைவில் இறக்கிவிட்டுத் திரும்பினோம். குடித்துவிட்டு நடந்து போனவனை அடையாளம் தெரியாத லாரி அடித்துவிட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. ஒரு சைக்கிள்கூட ஓடாத நாளில் லாரி! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதை அன்றுதான் கண்ணால் கண்டேன். மறைந்தும் போனது. அந்த வாரம் போலீசுக்கு வேறு வேலை இருந்தது.

இதையெல்லாம்விட ஒன்று. வேன் திரும்பி வந்ததும் நாங்கள் நால்வரும் நேரே தண்ணீர்த் தொட்டிக்குப் போனோம். பிணத்தைத் தூக்கினவன் தலைமுழுகாமல் வீட்டு வாசல்படி மிதிக்க மாட்டான். இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோதண்டராமன் ஓடிவந்து குழாயை மூடினான். “எவனும் குளிக்கக் கூடாது. ஈரத் தலையோட நாலு பேர் ஊருக்குள்ள போனா, எவன் செத்தான்னு கேப்பானுங்க. அப்படியே வூட்டுக்குப் போ” என்றான். அப்படியே போனோம். வேலைக்குப் போய் வந்த முகத்தோடு நான் வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி ராஜாமணி சோறு போட்டாள். என் பிள்ளை மடியில் ஏறி உட்கார்ந்தது. தினமும்தான் குளிக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. அது அழுக்குக்குக் குளிப்பது. நாகப்பனுக்குக் குளிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஒரு தாளை நீட்டினார்கள். ‘நாகப்பன் ஷிஃப்ட் முடிந்து வெளியே போனார். பிறகு நான் பார்க்கவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். கார்டைக் கழற்றியவன் நான் என்கிற பயம். மற்ற மூன்று பேரும் போட்டார்கள்.

நாகப்பனின் மனைவி சந்திரம்மாள் விடவில்லை. தன் புருஷன் கம்பெனிக்குள்தான் செத்தான் என்று மனுவுக்குமேல் மனுவாக எழுதிப்போட்டாள். காஞ்சிபுரத்தில் ஒரு அதிகாரி முன்னால் நவம்பர் பதினான்காம் தேதி விசாரணை என்று ஆனது. கம்பெனி சாட்சிகளில் முதல் பெயர் என்னுடையது. நான் விமானம் ஏறப் புறப்பட்ட அன்று, சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை ஓரம் அவள் நின்றிருந்தாள். என் பெட்டியைப் பார்த்தாள்.

“அண்ணா, எனுக்கு வேற ஒண்ணும் வாணாம். அவரு குடிக்கலன்னு மட்டும் சொல்லு. அவங்கப்பன் குடிச்சே செத்தாருன்னு, அவரு அந்த வாடைகிட்டக்கூட போனதில்ல. உனுக்குத் தெரியும். இப்ப எம் பொண்ண இஸ்கூல்ல குடிகாரன் பொண்ணுன்னு கூப்புடுறாங்களாம்.”

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.

இங்கிலாந்தில் எங்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஃபிராங்க் என்று ஒரு கிழவர். ஓய்வு பெற்றவரைத் திரும்பக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள். முதல் நாள் எந்த ஊர் என்று கேட்டார். ஸ்ரீபெரும்புதூர் என்றதும் தலையை ஆட்டினார். டி.வி.யில் பார்த்தாராம். “பாவம், உங்கள் ஊர்” என்றார். எங்கள் ஊரில் அந்த வாரம் டி.வி.க்கு வராமல் செத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. பக்கத்தில் கோதண்டராமன் துக்க முகம் வைத்துக்கொண்டு நின்றான். துக்க முகம் அவனுக்கு நன்றாக வரும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஃபிராங்க் எங்களை ஒரு நினைவுச் சின்னத்துக்கு அழைத்துப் போனார். பழைய ஆலை ஒன்று இருந்த இடம். ஆலையை இடித்துப் புல் வளர்த்துவிட்டார்கள். மெயின் கேட்டை மட்டும் விட்டிருந்தார்கள். கேட்டுக்கு நடுவில், உள்ளேயிருந்து வெளியே நடந்து வருகிற மாதிரி, வெண்கலத்தில் மூன்று ஆட்கள்.

பீடம் கிடையாது. நம்மைப் போலத் தரையிலேயே நின்றார்கள். எங்கள் பக்கம் சிலை என்றால் பீடம் உண்டு, கம்பிக் கூண்டு உண்டு, பிறந்த நாளுக்கு ஒன்று இறந்த நாளுக்கு ஒன்றாக மாலை உண்டு. சிலையாக நிற்கிறவர் தலைவராக இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தில், “இவங்க எந்தக் கட்சித் தலைவருங்க?” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். ஃபிராங்க் சிரிக்கவில்லை. “தலைவர்கள் இல்லை. ஷிஃப்டில் இருந்தவர்கள்” என்றார்.

மூவரும் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதன்மேல் ஒருவன் கிடந்தான். முகத்தைக் கோட்டால் மூடியிருந்தது. பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு பூட்ஸின் கயிறு அவிழ்ந்து தொங்கியது. பலகைக்கு நான்கு மூலையிலும் கைப்பிடி. மூன்றை அந்த மூன்று பேர் பிடித்திருந்தார்கள். நான்காவதைப் பிடிக்க ஆள் வைக்காமலே செய்திருந்தார்கள். சிலை முழுக்கக் கறுத்துக் கிடக்க, அந்த ஒரு கைப்பிடி மட்டும் புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பு மாதிரி மின்னியது.

அது கால்மாட்டில், இடப்பக்கம் இருந்தது.

ஃபிராங்க் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒரு காலத்தில் இங்கேயும் ஆலைக்குள் செத்தவனைப் பின்வாசல் வழியாகத்தான் கொண்டுபோவார்களாம். ஒரு வருஷம் மொத்த ஷிஃப்டும் மெஷினை நிறுத்திவிட்டு, செத்தவனை மெயின் கேட் வழியாகத் தூக்கி வந்ததாம். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். வருகிறவர்கள் நான்காவது கைப்பிடியைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் போவார்கள், அதனால்தான் அந்தப் பளபளப்பு என்றார். கேட்டின் சுவரில் பெயர்களை வெட்டியிருந்தார்கள். பெயர், வயது, எந்த ஷாப். ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார். “என் அப்பா. ரோலிங் மில். நாற்பத்தொரு வயது.”

பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார். “உங்கள் ஆலையில் இப்படி யாராவது?”

நான் வாயைத் திறப்பதற்குள் கோதண்டராமன் முந்திக்கொண்டான். “நோ, நோ. எங்கள் ஃபேக்டரியில் ஜீரோ ஆக்சிடென்ட். கேட்டில் போர்டே வைத்திருக்கிறோம். விபத்து இல்லாத நாட்கள், நாளையோடு முந்நூறு.”

அந்த போர்டு எனக்குத் தெரியும். மே இருபத்திரண்டாம் தேதி காலை அதில் நூற்று நாற்பத்தொன்று என்று எழுதியிருந்தது. மறுநாள் நூற்று நாற்பத்திரண்டு. கடல் தாண்டி வந்தும் நாள் தவறாமல் எண்ணிக்கொண்டிருக்கிறான், பாவி. ஃபிராங்க் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா பெயரைத் தொட்ட அதே கை.

கோதண்டராமன் கேமராவை என்னிடம் கொடுத்தான். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய் நான்காவது கைப்பிடியைப் பிடித்தான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் மாதிரி சிரித்தான். கேமராவின் கண்ணுக்குள் அந்தச் சிரிப்பையும் அவிழ்ந்த பூட்ஸ் கயிற்றையும் சேர்ந்தாற்போல் பார்த்தேன். விரல் அமுங்கவில்லை.

“கைய எடு” என்றேன்.

“இன்னா?”

“கைய எடுய்யா. அது உன் எடம் இல்ல.”

பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக என் வாயில் ‘சார்’ வரவில்லை. அவனும் அதைக் கவனித்தான். ஃபிராங்க் பார்க்கிறார் என்பதால் சிரிப்பை மட்டும் கீழே போடவில்லை.

“வெள்ளக்காரன் முன்னாடி மானத்த வாங்காத, புருஷோத்தமா. அமுக்கு.”

“அன்னிக்கு பத்தடி தள்ளி நின்ன. மேல படாம சாராயம் ஊத்தின. இப்ப போட்டோவுக்குப் பாட தூக்கறியா?”

“ஆமாடா, தள்ளித்தான் நின்னேன். கார்டைக் கழட்டினது யாரு? ஸ்டேட்மெண்ட்ல யாரு கையெழுத்து கீது? இந்தக் குளுர்ல உன்ன எதுக்குக் கூட்டினு வந்து வச்சிருக்கேன், ஊர் சுத்திப் பாக்கவா? பதினாலாந்தேதி நீ வாயத் தொறந்து பாரு. மொதல்ல உள்ள போறவன் நீதான்.”

அத்தனையும் பல் தெரியச் சிரித்துக்கொண்டே சொன்னான். யார் முதலில் பிடிப்பது என்று நாங்கள் சண்டை போடுவதாக ஃபிராங்க் நினைத்துவிட்டார். கேமராவை என் கையிலிருந்து வாங்கி அவனை ஒரு படம் எடுத்தார். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என் முதுகில் கை வைத்துக் கைப்பிடிப் பக்கம் நகர்த்தினார்.

பிடித்தேன். பனிக்கட்டி மாதிரிச் சில்லென்று இருந்தது. அதில் கனமே இல்லை. நாகப்பன் கனத்தான். பின்வாசல் படியில் நடேசன் கால் இடறியபோது மொத்தக் கனமும் என் பக்கம் சாய்ந்து, மணிக்கட்டு இரண்டு நாள் வீங்கியிருந்தது. எதிரே பார்த்தேன். முன்னால் போகிற வெண்கல ஆள் தலையைக் குனியவில்லை. நேரே வெளியே பார்த்து நடந்தான். நாங்கள் நான்கு பேரும் அன்று தரையைப் பார்த்தே நடந்தோம். அழுகை வந்துவிட்டது. கோதண்டராமன் முன்னால் அழுதேனே என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம்தான்.

தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினோம். மணி மூன்றுகூட ஆகவில்லை. அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கோதண்டராமன் துண்டை எடுத்துத் தோளில் போட்டான்.

“எங்க?” என்றேன்.

“குளிக்க. பாடையத் தொட்டுட்டேன் இல்ல? பொம்மையா இருந்தா இன்னா, சாங்கியம் சாங்கியம்தான். சாயங்காலம் விளக்கேத்தணும்.”

அறை வாசலை மறித்து நின்றேன்.

“வெண்கல பொம்மையத் தொட்டதுக்கு நீ குளிக்கணும். உசுரு போன மனுசனத் தூக்கினவன் குளிக்கக் கூடாது. அப்படித்தானே?”

“தள்ளு.”

“கொழாய மூடினியே, ஞாபகம் இருக்குதா? நாலு பேரும் கைய நீட்டிக்கினு நின்னோம். எம் புள்ளய அந்தக் கையாலதான்யா தொட்டேன்.”

“அதுக்கு இன்னா இப்ப? ஒரு பக்கெட் தண்ணிக்காடா இத்தினி நாளா மூஞ்சியத் தூக்கி வச்சினு இருக்க?” என்றான். உண்மையிலேயே அவனுக்கு விளங்கவில்லை. என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டான். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நான் கதவைக் குத்தினேன். வீட்டுக்காரம்மா படியேறி வந்து ஏதோ கத்தினாள். அவன் உள்ளே சுலோகம் சொல்ல ஆரம்பித்தான். அவனுக்குப் பிறகு குளிக்கத் துண்டை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவன் குளித்த இடத்தில் குளித்தால் எனக்கு எதுவும் தீராது.

அதற்குப் பிறகு மீதி நாட்கள் நாங்கள் பேசவில்லை. வேலையில்கூடச் சைகைதான். கிளம்புகிற அன்று ஃபிராங்க் கை கொடுத்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. “ஜீரோ ஆக்சிடென்ட் பொய்” என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையை விடவில்லை. “அப்படியென்றால் கேட் வழியாகக் கொண்டுவா” என்றார்.

ஊர் திரும்பி, திங்கட்கிழமை கம்பெனிக்குப் போனேன். கேட்டில் போர்டு முந்நூற்றுப் பதினான்கு என்றது. உள்ளே நோட்டீஸ் போர்டில் ‘பாதுகாப்பே முதல்’ என்கிற எழுத்துக்குக் கீழே புதுப் படம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். கோதண்டராமன் கைப்பிடியைப் பிடித்துச் சிரிக்கிறான். ரகுபதி அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். “இது இன்னாடா, பலகைல ஆள் மாதிரி?” என்றான். ஆள்தான் என்றேன். அவன் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு மெஷினுக்குப் போய்விட்டான்.

ஷிஃப்ட் முடிந்ததும் சுங்குவார்சத்திரம் போனேன். சந்திரம்மாள் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைக்கிற வேலையில் இருந்தாள். பின்பக்கம் சிமெண்ட் தொட்டி நிறையத் தண்ணீர். கொடியில் வெள்ளை வெள்ளையாக விரிப்புகள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் கிடந்த சொம்பை எடுத்தேன். தலையில் ஊற்றப் போனேன். அவள் எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இன்னா பண்ற?”

“அவன நான் தூக்கினேம்மா. உள்ளருந்து. பலகைல. நாங்க நாலு பேரு.”

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இது அவளுக்கு ஏற்கெனவே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. யாராவது வாயால் சொல்லட்டும் என்று ஆறு மாதமாகக் காத்திருந்திருக்கிறாள்.

“குளிச்சியா?”

“விடல.”

“வூட்டுக்கு அப்படியேவா போன?”

“அப்படியேதான் போனேன்.”

சொம்பைப் பிடுங்கித் தொட்டிக்குள் எறிந்தாள். “இங்க குளிக்காத. இந்த சந்துல யாருக்கும் தெரியாம நாலு சொம்பு ஊத்திக்கினு நீ சுத்தமாயிடுவ. எம் புருஷன் குடிகாரனாவே இருப்பான். போயி அங்க சொல்லு. எல்லாரும் கேக்கறாப்புல சொல்லிட்டு அப்புறம் குளி. போய்யா.”

‘அண்ணா’ போய் ‘போய்யா’ ஆகிவிட்டது. அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பதினான்காம் தேதி காஞ்சிபுரத்துக்குக் கம்பெனி வேனிலேயே எங்களை அழைத்துப் போனார்கள். அதே வேன். முன் சீட்டில் கோதண்டராமனும் கம்பெனி வக்கீலும், பின்னால் நாங்கள் நால்வர். வழி முழுக்க அவன் வக்கீலோடு கிரிக்கெட் பேசினான். பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். ராஜாமணியிடம் காலையில் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அவள் “ஜெயிலுன்னா எத்தினி வருஷம்?” என்று மட்டும் கேட்டாள்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். அதிகாரி நான் கொடுத்த ஸ்டேட்மெண்டைப் படித்துக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார்.

“கையெழுத்து என்னோடதுதான் சார். எழுதினதெல்லாம் பொய்” என்றேன்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இருபது மணி நேரத்தைச் சொன்னேன். கார்டைக் கழற்றச் சொன்னது யார், கழற்றியது யார் என்று இரண்டையும் சொன்னேன். சாராயம் சட்டைமேல் விழுந்தது, நாகப்பன் வாயில் ஒரு சொட்டுகூடப் போகவில்லை, உயிரோடிருந்தவரை போனதும் இல்லை என்று சொன்னேன். பந்த் நாளில் எந்த லாரி ஓடியது என்று கேட்டேன். அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார்.

கம்பெனி வக்கீல் எழுந்தார். “நீங்கள் பிணத்தைத் தூக்கினீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? ஒருவர் பார்த்தாரா? ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறதா?”

“சீட்டு இல்ல சார்” என்றேன். “பின்னால மூணு பேரு குந்தினு இருக்காங்க. அவங்களை எழுப்பிக் கேளுங்க. மே இருபத்திரண்டு அன்னிக்கு தலமுழுகாம வூட்டுக்குப் போனியான்னு கேளுங்க. பொணம் தூக்கினவனுக்குத்தான் சார் அந்தக் கேள்வியே வலிக்கும். மத்தவனுக்கு இன்னா கேக்கறீங்கன்னுகூடப் புரியாது.”

அப்போது திரும்பிப் பார்த்தேன். கோதண்டராமன், இங்கிலாந்தில் கேட்ட அதே மாதிரி, ‘ஒரு பக்கெட் தண்ணிக்கா’ என்கிற முகத்தோடு இருந்தான். அவனுக்கு வலிக்கவில்லை. மற்ற மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டிருந்தார்கள். அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டு அந்த மூன்று தலைகளையும் பார்த்தார். மற்ற சாட்சிகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு விசாரிப்பதாகச் சொல்லி எழுந்தார்.

வெளியே வந்தேன். படியில் கோதண்டராமன் என் காதருகே வந்து, “முடிஞ்சுது உன் கதை” என்றான். முடியட்டும் என்றேன்.

ஆபீஸ் முன்பக்கம், மெயின் கேட்டை ஒட்டி ஒரு குழாய். பஸ்ஸுக்குப் போகிறவர், மனு எழுதுகிறவர், டீ குடிக்கிறவர் என்று நூறு பேர் நிற்கிற இடம். உள்ளே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கு முன்னால் வெளியே வந்திருந்த சந்திரம்மாள் அங்கே பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துவைத்து நின்றாள். அந்தக் குடத்தைச் சுங்குவார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். நான் சொல்லுவேன் என்று நம்பிக் கொண்டுவந்தாளோ, சொல்லாவிட்டால் என் மண்டையிலேயே போடக் கொண்டுவந்தாளோ, தெரியாது. இன்றுவரை கேட்கவில்லை.

சட்டையோடு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன். கொட்டினாள். அன்பாக இல்லை, அழுக்குத் துணியில் கொட்டுகிற மாதிரி, மொத்தக் குடத்தையும் ஒரே மூச்சில். மூச்சு முட்டியது. கூட்டம் திரும்பியது. “யாருப்பா செத்தது?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“எம் புருஷன்” என்றாள் சந்திரம்மாள், தெருவுக்கே கேட்கிறாற்போல. “கம்பெனிக்குள்ள. இவுரு தூக்கினவரு.”

கண்ணிலிருந்த தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தேன். நடேசன் வேனில் ஏறி ஜன்னலை மூடிக்கொண்டான். ரகுபதி படியில் நின்று செருப்பைக் கழற்றினான், திரும்ப மாட்டிக்கொண்டான், அங்கேயே நின்றான். பரசுராமன் கைக்கடிகாரத்தை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டே எங்களை நோக்கி நடந்து வந்தான். வேனுக்குள்ளிருந்து கோதண்டராமன் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினான்.

சந்திரம்மாள் குடத்தைக் குழாய்க்கடியில் வைத்து மறுபடியும் திறந்துவிட்டாள்.